வண்டியில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம்: பிறர் உடைமையும் பாதையின் உரிமையும்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்கள் வழியில் நடக்கும் நம் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம். ஒரு சகோதரர் கையில் ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். முகத்தில் அவ்வளவு கோபம். "ஹஜ்ரத், தொழுதுட்டு வந்து பார்த்தா கார் கண்ணாடியில இதை ஒட்டி வச்சிருக்காங்க. கிழிச்சு எடுத்தேன், பசை போக மாட்டேங்குது. என் வண்டியில கை வைக்க இவங்களுக்கு என்ன உரிமை? போலீஸ்ல கம்ப்ளைண்ட் குடுக்கலாமா?" என்று கேட்டார்.

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பாதி கிழிந்திருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் ஒரு மாற்றுமத சகோதரர் எழுதியது. அவர் வீட்டு வாசலை அடைத்து வண்டி நின்றிருக்கிறது. அவருடைய தாயாருக்கு ஒன்றரை மணிக்கு டயாலிசிஸ். ஆட்டோ உள்ளே வர வழியில்லை. தாயை நாற்காலியில் உட்கார வைத்துத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இவ்வளவுதான் எழுதியிருந்தது. ஒரு வசைச்சொல் இல்லை. நம் மார்க்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இதைப் படிச்சீங்களா?" என்று கேட்டேன். "ஒட்டியிருக்கிறதைப் பார்த்ததும் கோபம் வந்துடுச்சு ஹஜ்ரத், முழுசா படிக்கல" என்றார்.

அன்பானவர்களே! அவர் கேட்ட கேள்வியை நாம் ஒதுக்கிவிட வேண்டாம். அது நியாயமான கேள்விதான். அடுத்தவர் வண்டியில் காகிதம் வைப்பது அவருடைய உடைமையைச் சேதப்படுத்துவதாகுமா? முதலில் அதற்குப் பதில் தேடுவோம். பிறகு, அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருவோம்.

பிறர் பொருளின் கண்ணியம்

நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜில் மக்களின் உயிரும் பொருளும் மானமும் புனிதமானவை என்று அறிவித்தார்கள். அந்த நாள், அந்த மாதம், அந்த ஊர் எவ்வளவு புனிதமோ அவ்வளவு புனிதம் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி இடம்பெற்றுள்ளது. ஒருவருடைய கைத்தடியைக்கூட அவருடைய மனவிருப்பம் இல்லாமல் எடுப்பது ஆகாது என்ற நபிமொழியை அபூஹுமைத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கைத்தடிக்கே இந்தச் சட்டம் என்றால், ஒருவர் கடன் வாங்கித் தவணை கட்டி ஓட்டும் வாகனத்துக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்!

அதே நேரத்தில் மார்க்கம் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சுவரில் ஒரு மரக்கட்டையைப் பதித்துக்கொள்ள விரும்பினால் தடுக்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. சேதம் இல்லாத சிறு தேவைக்கு அண்டை வீட்டார் ஒருவர் பொருளை ஒருவர் தொடுவதில் மார்க்கம் தாராளம் காட்டச் சொல்கிறது. அடுத்தவர் சுவரில் சற்றுச் சாய்ந்து நிற்பது, அதன் நிழலில் ஒதுங்குவது போன்றவற்றை ஃபிக்ஹ் அறிஞர்கள் குற்றமாகக் கருதியதில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அளவுகோல் கிடைத்துவிடும். பொருளுக்குச் சேதம் வந்ததா, அதன் மதிப்பு குறைந்ததா என்பதுதான் கேள்வி. வைப்பருக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகுவது சேதம் அல்ல. எடுத்துவிட்டால் வண்டி முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. அதை யாரும் "என் வண்டியை நாசம் செய்துவிட்டார்கள்" என்று சொல்ல முடியாது.

பசை போட்டு ஒட்டுவது அப்படியல்ல. வெயிலில் காய்ந்த பசை கண்ணாடியில் கறையாகும். பெயின்ட் மீது ஒட்டிப் பிய்த்தால் பெயின்டும் சேர்ந்து உரியும். அது கூடாது. ஒட்டியவர் அதைச் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாளி. சாவியால் கோடு கிழிப்பது, டயரில் காற்றைப் பிடுங்கி விடுவது, பக்கக் கண்ணாடியை ஒடிப்பது இவையெல்லாம் தெளிவான அநியாயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவும், வேண்டுமென்றே பிறர் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைக் குற்றமாகத்தான் வைத்திருக்கிறது.

"எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவர்தான் முதலில் தப்புச் செய்தார்" என்பது பொருளை அழிப்பதற்கு அனுமதி ஆகாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் நடந்த நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். நபியவர்களின் மனைவியரில் ஒருவர் ஒரு பாத்திரத்தில் உணவு கொடுத்தனுப்பினார்கள். ரோஷத்தில் அன்னையவர்கள் பணியாளின் கையைத் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைந்தது. நபி (ஸல்) அவர்கள் சத்தம் போடவில்லை. உடைந்த துண்டுகளைத் தம் கையால் சேர்த்தார்கள், உணவை அள்ளி வைத்தார்கள், உங்கள் தாய் ரோஷப்பட்டுவிட்டார் என்று அங்கிருந்தவர்களிடம் இதமாகச் சொன்னார்கள். ஆனால் அத்தோடு விட்டுவிடவில்லை. உடைத்தவரின் வீட்டிலிருந்து நல்ல பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தனுப்பினார்கள். கோபத்தைப் புரிந்துகொண்டார்கள், பொருளுக்கு ஈடும் கொடுத்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தியில் நமக்கு ஒரு முழுச் சட்டமே இருக்கிறது.

காகிதத்தில் என்ன எழுதுகிறோம்?

வண்டிக்குச் சேதம் இல்லை, ஆனால் எழுதிய வார்த்தை ஒரு மனிதரைக் காயப்படுத்துகிறது என்றால் அதுவும் சேதம்தான். பொருளோடு மானத்தையும் சேர்த்துத்தானே நபியவர்கள் புனிதம் என்றார்கள்!

தீய வார்த்தையைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்ற கருத்து அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனத்தில் வருகிறது. வாசல் அடைபட்டவர் தனக்கு நடந்ததைச் சொல்லலாம். அது அவருடைய உரிமை. ஆனால் அதை வைத்துப் பெற்றோரைத் திட்டுவது, "நாளைக்கு வண்டி இருக்காது" என்று மிரட்டுவது, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு நான்கு பேர் சிரிப்பது இவையெல்லாம் அந்த உரிமைக்குள் வராது.

ஒருவர் தன் அண்டைவீட்டாரின் தொல்லையை நபியவர்களிடம் முறையிட்டார். பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். மீண்டும் வந்தபோது, உன் வீட்டுச் சாமான்களை எடுத்துத் தெருவில் வை என்றார்கள். போவோர் வருவோர் விசாரித்தார்கள், செய்தி பரவியது, தொல்லை கொடுத்தவர் தானே வந்து, இனிச் செய்யமாட்டேன், திரும்பிப் போங்கள் என்றார். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. இதில் கவனியுங்கள்: முதலில் பொறுமை. அதன்பிறகும் அவர் வெளியே வைத்தது தன் சாமானை. அண்டைவீட்டாரின் பொருளில் கை வைக்கவில்லை.

அவர் கேட்காத கேள்வி

இப்போது நம் பக்கம் வருவோம். காகிதம் ஒட்டியது சரியா என்று கேட்கும் நாம், வண்டியை அங்கே நிறுத்தியது சரியா என்று கேட்டோமா?

தெருவில் உட்கார்வதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை என்று தோழர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவற்றை அதன் உரிமைகளாக எண்ணிக் காட்டினார்கள். மனிதன் உட்கார்ந்தாலே பாதைக்கு உரிமை இருக்கிறது என்றால், நாலு சக்கர வண்டியைப் பூட்டிவிட்டுப் போனால்?

இன்னொரு செய்தி நம் நெஞ்சில் தைக்க வேண்டியது. ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் தங்குமிடத்தை நெருக்கடியாக்கி, வழியையும் அடைத்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பி, தங்குமிடத்தை நெருக்குபவருக்கும் வழியை அடைப்பவருக்கும் ஜிஹாதே இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள். முஆத் இப்னு அனஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் வருகிறது. அல்லாஹ்வின் பாதையில் புறப்பட்டவர்களுக்கே அந்த எச்சரிக்கை!

ஜும்ஆ நாளிலேயே நடந்தது ஒன்று. நபியவர்கள் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் மக்களின் பிடரிகளைத் தாண்டி முன்னே வந்தார். உட்காரும், தொல்லை கொடுத்துவிட்டீர் என்றார்கள். முன் வரிசைக்கு வர ஆசைப்பட்டவர்தான். ஆனால் பிறரைத் தொல்லைப்படுத்தி வருவதை அவர்கள் ஏற்கவில்லை.

"பத்து நிமிஷம்தானே ஹஜ்ரத்" என்கிறோம். அந்தப் பத்து நிமிடம் நம் கணக்கு. வீட்டுக்குள் இருப்பவருக்கு அது எந்தப் பத்து நிமிடம் என்று நமக்குத் தெரியாது. மண்ணடி, திருவல்லிக்கேணி போன்ற நெருக்கமான தெருக்களில் ஒரே ஒரு வண்டி குறுக்கே நின்றால் 108 ஆம்புலன்ஸ் திரும்ப முடியாது. பிறருக்கு இடையூறாக வண்டியை விட்டுச் செல்வதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவில் தடுத்திருக்கிறது. ஆக, நம் சகோதரர் போலீசுக்குப் போயிருந்தால் முதல் கேள்வி அவரிடம்தான் வந்திருக்கும்.

காகிதம் கடமையாகும் இடம்

நிறுத்தியிருக்கும் வண்டியை எடுக்கும்போது பக்கத்து வண்டியில் உரசிவிட்டீர்கள். சுற்றிப் பார்க்கிறீர்கள், யாரும் இல்லை. கேமராவும் இல்லை. அங்கே உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைப்பதுதான் அமானிதம். ஏனென்றால் தவறுதலாக நேர்ந்தாலும் பிறர் பொருளுக்கு ஈடு கொடுப்பது கடமை. உரிமையாளரை அறிய வேறு வழி இல்லாதபோது அந்தக் காகிதத்தை எழுதாமல் போவது கடமையிலிருந்து ஓடுவதாகும். யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல, அல்லாஹ்வை நம்பியவருக்கு வாய் வருமா?

இன்னொன்று, துண்டுப் பிரசுரம். ஜும்ஆ முடிந்ததும் எல்லா வண்டியிலும் விளம்பரம் செருகப்பட்டிருக்கிறது. செருகுவதில் சேதம் இல்லை. ஆனால் குர்ஆன் வசனம் அச்சிட்ட காகிதங்களை அப்படிச் செருகினால், அவை காற்றில் விழுந்து காலில் மிதிபடுகின்றன. அதைக் கையில் கொடுங்கள், வண்டியில் செருகாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அடுத்த ஜும்ஆவிலிருந்து சிலவற்றை வழக்கமாக்கிக்கொள்வோம்.

ஒன்று, பக்கத்தில் இருப்பவர்கள் நடந்து வாருங்கள். ஜும்ஆவுக்கு நடந்து வருவதில் நன்மையும் இருக்கிறது.

இரண்டு, வீட்டு வாசல், கடை வாசல், சந்து முனை எங்கேயும் வண்டியை விடாதீர்கள். இடம் இல்லையென்றால் தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள்.

மூன்று, முன் கண்ணாடிக்கு உள்ளே தொலைபேசி எண் எழுதிய அட்டை வையுங்கள். தன் எண்ணை வைக்கத் தயங்கும் பெண்கள் வீட்டார் ஒருவரின் எண்ணை வைக்கலாம். குத்பா நேரத்தில் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்போம் என்பதால், பள்ளிவாசல் வாசலில் ஓர் இளைஞரைப் பொறுப்பாக நிறுத்த நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அவருடைய எண் கொடுக்கப்படும்.

நான்கு, உங்கள் வாசலை வேறொருவர் அடைத்திருந்தால் முதலில் விசாரியுங்கள். ஆள் கிடைக்கவில்லையா, காகிதத்தில் நடந்ததை மட்டும் எழுதிச் செருகுங்கள். பசை வேண்டாம், வசை வேண்டாம்.

அன்பானவர்களே! அன்று மஃக்ரிபுக்குப் பிறகு நானும் அந்தச் சகோதரரும் அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மகன் எங்களை உட்கார வைத்தார். "மன்னிச்சுக்கங்க பாய், அவசரத்துல பையனோட கோந்தை எடுத்து ஒட்டிட்டேன், நானே துடைச்சுத் தர்றேன்" என்று அவர்தான் முதலில் சொன்னார். பசை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததில் போய்விட்டது. பிறகுதான் நம் சகோதரர் கேட்டார், "அம்மாவுக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று. "லேட்டாப் போனதால அரை மணி நேரம் குறைச்சுத்தான் செஞ்சாங்க. அடுத்த ஆள் காத்திருந்தாரு" என்றார் மகன். நம் சகோதரர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை.

கண்ணாடியின் கறைக்கு எண்ணெய் இருந்தது. அந்தத் தாயின் அரை மணி நேரத்துக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? தன் சகோதரனுக்கு அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன் இன்றே அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக புகாரியில் வருகிறது. கேட்டு மன்னிப்புப் பெற வாய்ப்பிருக்கும்போதே பெற்றுக்கொள்வோம்.

நம் நாவாலும் கையாலும், நாம் ஓட்டும் வாகனத்தாலும் யாருக்கும் தீங்கு நேராமல் வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! அந்தத் தாய்க்கும், நோயால் வாடும் அனைவருக்கும் அவன் நலத்தைத் தருவானாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.