மறையூர் வீட்டு இண்டர்நெட் எங்கே போய் முடிகிறது?

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கும் பிள்ளைகள் இப்போது அதிகம். ரவுட்டர் என்றால் என்ன, ஐ.பி. முகவரி என்றால் என்ன என்பதையெல்லாம் வகுப்பில் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒரு இண்டர்நெட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எதிர்ப்படும் ஒரு விஷயத்தைப் பாடத்தில் ஓரமாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேறொருவர் கம்பியில் வரும் சந்தாதாரரை நம் ரவுட்டரில் எப்படி வரவேற்பது என்பதே அது. இவ்விதழில் அதைப் பார்ப்போம். கம்ப்யூட்டர் படிக்காத பெரியவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு; ஊரில் இருக்கும் அம்மாவின் இண்டர்நெட் நின்றுபோனால் யாருக்குப் போன் செய்வது என்பது இதிலிருந்து தெரியும்.

உதாரணத்துக்கு மறையூரை எடுத்துக்கொள்கிறேன். இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை போகும் சாலையில், சந்தனக் காட்டுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் நடுவே உள்ள அஞ்சுநாட்டு ஊர். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். 2015 ஜனவரியில் நேஷனல் ஆப்டிகல் ஃபைபர் திட்டத்தில் கிராமப் பஞ்சாயத்துகளை இணைத்த முதல் மாவட்டமாக இடுக்கி அறிவிக்கப்பட்டது. பிறகு 2023 ஜூன் 5 அன்று கேரள அரசின் கே-ஃபோன் தொடங்கப்பட்டது. மின்வாரியக் கம்பங்கள் வழியே கண்ணாடி இழை இழுத்து, முதற்கட்டமாக 140 சட்டமன்றத் தொகுதிகளிலும் தொகுதிக்கு 100 ஏழைக் குடும்பங்கள் வீதம் 14,000 வீடுகளுக்கு இலவச இணைப்பு என்பது அதன் திட்டம். வீட்டு வாசல் வரை கம்பி கொண்டுவருவது பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர். கம்பம் ஒருவருடையது, இழை ஒருவருடையது, சேவை இன்னொருவருடையது என்ற நிலை மலையூர்களுக்கும் வந்துவிட்டது.

இப்படிப் பங்கு பிரிந்தால் பாஸ்வேர்டு கேட்பது யார்? முகவரி கொடுப்பது யார்?

கம்பியும் சேவையும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தால் சிக்கல் இல்லை. வீட்டு மோடம் பி.பி.பி.ஓ.ஈ. முறையில் பேசும், கம்பெனியின் ரவுட்டர் அந்தப் பேச்சை அங்கேயே ஏற்று முடித்துவைக்கும். பி.பி.பி. என்பது அடிப்படையில் இரண்டு முனைகளுக்கு இடையே நடக்கும் உரையாடல். பெயர் சொல், பாஸ்வேர்டு சொல், இந்தா முகவரி என்பதுதான் அது. மறையூர் மோடம் ஒரு முனை. மறுமுனை கொச்சியில் இருக்கும் சேவைக் கம்பெனியாக இருந்து, நடுவில் உள்ள கம்பி வேறொருவருடையதானால், அந்த உரையாடலை அப்படியே மூட்டை கட்டிக் கொச்சிவரை கொண்டுபோக வேண்டும். 1999 ஆகஸ்டில் தரமாக்கப்பட்ட எல்2டி.பி. இதைச் செய்கிறது. சிஸ்கோவின் எல்2எஃப். முறையையும், மைக்ரோசாஃப்ட் முதலியோரின் பி.பி.டி.பி. முறையையும் கலந்து பிறந்தது அது. பிரிட்டனில் பி.டி. நிறுவனத்தின் கம்பியில் சிறிய கம்பெனிகள் பிராட்பேண்ட் விற்பது நெடுங்காலமாக இந்த வழியில்தான்.

மறையூர் வெல்லத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற உருண்டை வெல்லம். மூட்டையின் மேல் மண்டியின் பெயர் இருக்கும். லாரிக்காரர் அதைப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவிழ்த்து எடை போடுவது மண்டியில்தான். லாரிக்காரரின் இடத்தில் கம்பிக் கம்பெனியின் ரவுட்டர், அதற்கு எல்.ஏ.சி. என்று பெயர். மண்டியின் இடத்தில் சேவைக் கம்பெனியின் ரவுட்டர்; அது எல்.என்.எஸ். சந்தாதாரர் பெயரில் @ குறிக்குப் பின்னால் உள்ள கம்பெனிப் பெயரைப் பார்த்து, எந்த எல்.என்.எஸ்.ஸுக்கு அனுப்புவது என்று எல்.ஏ.சி. தீர்மானிக்கும். இரண்டுக்கும் இடையே யு.டி.பி. 1701-ம் எண் வாசல் வழியாக ஒரு சுரங்கம் எழும். ஒரே சுரங்கத்துக்குள் ஆயிரக்கணக்கான வீடுகளின் செஷன்கள், தனித்தனி எண்ணோடு, ஓடும்.

எல்.என்.எஸ். அமைப்பவர் செய்யவேண்டியது இவ்வளவு. முதலில் ரவுட்டரில் வி.பி.டி.என். வசதியை இயக்கி ஒரு குழு உருவாக்க வேண்டும். உள்வரும் அழைப்பை ஏற்றுக்கொள், முறை எல்2டி.பி., இன்ன பெயருள்ள எல்.ஏ.சி.யிடமிருந்து மட்டும் ஏற்றுக்கொள், சுரங்கத்தின் ரகசியச் சொல் இது என்பவை அதில் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இடைமுகம் எழுதிக்கொண்டிருக்க முடியாதல்லவா? அதற்காக விர்ச்சுவல் டெம்ப்ளேட் என்ற ஒரே அச்சு. செஷன் வரும்போதெல்லாம் ரவுட்டர் அந்த அச்சிலிருந்து ஒரு நகல் வார்த்துக்கொள்ளும். அடையாளச் சோதனை சாப் முறையில் வேண்டும் என்பதையும், முகவரிகளை எந்தத் தொகுப்பிலிருந்து எடுப்பது என்பதையும் அச்சிலேயே எழுத வேண்டும். பாஸ்வேர்டு சரியா என்று பார்ப்பதும், எவ்வளவு நேரம் எவ்வளவு டேட்டா என்று கணக்கு வைப்பதும் ரேடியஸ் சர்வரின் வேலை. வாசல் எண்கள் 1812, 1813.

இன்னொரு நுணுக்கம். எல்.ஏ.சி. சந்தாதாரரின் பெயரை அறிவதற்காகவே உரையாடலைப் பாதிவரை நடத்தியிருக்கும். அதன் முடிவை எல்.என்.எஸ்.ஸிடம் ஒப்படைக்கும். அதை அப்படியே ஏற்கலாம், அல்லது முதலிலிருந்து மறுபடி பேசலாம். நான் மறுபடி பேசும்படி அமைப்பதையே விரும்புவேன். சில பழைய மோடங்கள் இதற்கு முரண்டு பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் வேறொருவர் ஒப்புக்கொண்ட அளவுகளைச் சுமப்பதைவிட இது மேல்.

அளவு என்றதும் எம்.டி.யு. விவகாரம் வந்துவிடுகிறது. புதியவர்கள் திணறுவது இங்கேதான். நடுவில் உள்ள பாதை ஒரு பொட்டலத்துக்கு 1500 பைட் வரை தாங்குவதாக வைத்துக்கொள்வோம். மூட்டை கட்டும் சாக்குக்கும் எடை உண்டு. ஐ.பி. தலைப்பு 20, யு.டி.பி. 8, எல்2டி.பி. சுமார் 8, பி.பி.பி. 4. ஆக 40 போனால் மிச்சம் 1460. இதை அச்சில் எழுதாவிட்டால் வேடிக்கையான கோளாறு வரும். லாகின் ஆகும், பிங் போகும், சின்னப் பக்கங்கள் திறக்கும். பெரிய பக்கம் பாதியில் தொங்கும், போட்டோ இணைத்த கடிதம் நகராது. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று கஸ்டமர் கேரில் சத்தியம் செய்வார்கள். எம்.டி.யு. 1460, டி.சி.பி.யின் எம்.எஸ்.எஸ். 1420 என்று எழுதினால் தீர்ந்தது. நடுப்பாதை பெரிய பொட்டலங்களைத் தாங்குமானால் அதைக் கேட்டுப் பெறுவது இன்னும் நல்லது.

அடுத்தது மின்தடை. மலையூரில் மரம் விழுந்தோ யானை கம்பத்தைச் சாய்த்தோ கரண்ட் போகும். மோடம் விடைபெறாமலே அணைந்துவிடும். எல்.என்.எஸ்.ஸோ அந்த வீடு இன்னும் உள்ளே இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். கரண்ட் வந்து மோடம் மறுபடி கதவைத் தட்டினால், ஒரு பெயருக்கு ஒரு செஷன்தான் என்று ரேடியஸ் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே எல்.சி.பி. எக்கோ என்னும் "இருக்கிறாயா?" கேள்வியை 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்பி, 5 முறை பதில் வராவிட்டால் செஷனை மூடச் செய்ய வேண்டும். இரண்டரை நிமிடத்தில் இடம் காலியாகும். இந்த வரியை எழுத மறந்த கம்பெனியின் சந்தாதாரர் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இனி, ஊருக்குப் போன் செய்யும் பெரியவர்களுக்கு. மோடத்தில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் கேளுங்கள். எரிந்தால் இழையிலோ அதன் ஒளியிலோ கோளாறு; கேபிள்காரரைக் கூப்பிட வேண்டும். சிவப்பு இல்லை, பான் விளக்கு நிலையாக எரிகிறது, ஆனால் இண்டர்நெட் விளக்கு வரவில்லை என்றால் லாகின் நடக்கவில்லை என்று பொருள். அப்போது சேவைக் கம்பெனியிடம், "எங்கள் பெயரில் கோரிக்கை உங்கள் ரேடியஸுக்கு வந்ததா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். வந்து மறுக்கப்பட்டிருந்தால் தீர்வு அவர்கள் கையில். வரவேயில்லை என்றால் சுரங்கத்திலோ அதற்கு முன்போ தடை. கம்பிக் கம்பெனியோடு பேசுவது சேவைக் கம்பெனியின் பொறுப்பு, அம்மாவின் பொறுப்பு அல்ல.

ஒன்று விட்டுப்போயிற்று. சுரங்கம் என்ற பெயரைக் கேட்டு எல்லாம் மறைவாகப் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. எல்2டி.பி. மூட்டை கட்டத்தான் செய்யும், பூட்டுவதில்லை. நடுவழியில் யாரும் அவிழ்த்துப் பார்க்கலாம். சின்னாறு சோதனைச் சாவடியில் சந்தனம் தேடி மூட்டையை அவிழ்ப்பதுபோல. இரு கம்பெனிகளுக்கும் நடுவே தனிக் கம்பி இருந்தால் பெரும்பாலும் இப்படியே விட்டுவிடுகிறார்கள். பொது இண்டர்நெட் வழியே சுரங்கம் போவதானால் ஐபிசெக் பூட்டு சேர்க்க வேண்டும். அதற்கான முறை 2001-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. பூட்டுக்கும் எடை உண்டு என்பதால், மேலே சொன்ன 1460 கணக்கை அப்போது மறுபடியும் போட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.