கல்லறையில் ஒரு பெயர்



"விசுவாசி கல்லறைக்குப் போய்ப் பூ வைக்கலாமா?" அநேகர் என்னிடத்தில் கேட்கிற கேள்வி இது. கூடாது என்றே வெகுகாலம் சொல்லி வந்தேன். "மரிச்சவங்க அங்கே இல்லையே, எதுக்குப் போகணும்?" என்பேன். என் தாயாரின் கல்லறைக்குக்கூட நான் போகவில்லை. அந்த வார்த்தையை நான் எங்கே திருத்திக்கொண்டேன் தெரியுமா?

என் தாத்தா மலாயாவில் பால் மரம் வெட்டினவர். 1943-ல் ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். "மூணு மாசத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டுத்தான்யா போனாரு" என்பார் பாட்டி. சாகிற வரைக்கும் அவர் வெள்ளைச் சேலை உடுத்தவே இல்லை. காத்துக்கொண்டே இருந்தார்.

பாட்டி மரித்து அநேக வருஷம் கழித்து, தாத்தா போன இடத்தையாவது பார்க்கலாம் என்று தாய்லாந்துக்குப் போனேன். காஞ்சனபுரிக்கு அருகே, ஆற்றங்கரையிலே, சுங்காய் என்ற கிராமத்துப் பக்கம் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. போர்க் கைதிகள் தங்கள் தோழர்களைத் தாங்களே அடக்கம்பண்ணின இடம் அது. பிரிட்டிஷ், டச்சு வீரர்கள் முதலாக 1,700-க்கும் அதிகமானவர்கள் அங்கே இருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல், கல்லுக்குக் கல் பெயர், நடுவே பூச்செடி.

அங்கே ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் கைக்குட்டையால் ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேரனைக் கூப்பிட்டு, அந்தப் பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஒரு பூவை வைத்தார். போய்விட்டார். அவர் கல்லை வணங்கவில்லை. மரித்தவரிடம் எதையும் கேட்கவும் இல்லை. தன் தகப்பனை மறக்கவில்லை, அவ்வளவுதான்! என் தாயார் முகம் என் கண்முன் வந்தது. நான் வெட்கப்பட்டேன்.

அந்தக் கற்கள் எப்படி வந்தன? 415 கிலோமீட்டர் பாதை 1942-லும் 1943-லும் போடப்பட்டது. காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பசி! போர்க் கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆனால் அவர்கள் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று கூட இருந்தவர்கள் இரகசியமாய் எழுதி வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் 1945-ல், அந்தக் குறிப்புகளைக் கொண்டு காட்டுக்குள் போய்க் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எழுதினதினாலே கிடைத்தது!

நம்முடைய ஜனங்கள்? தமிழர், மலாய்க்காரர், பர்மியர் எனக் கூலிகளாகப் போன ஆசியர் இரண்டு லட்சத்துக்கும் அதிகம். மாண்டவர் 90,000 பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். பேர் எழுதி வைக்க அவர்களுக்கு ஆள் இல்லை. என் தாத்தாவுக்குக் கல் இல்லை. அன்று ஆற்றங்கரையில் நின்று, அவர் பெயரை நான் ஒருதரம் சத்தமாகச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

ராகேல் வழியிலே மரித்தபோது யாக்கோபு என்ன செய்தான்? அடக்கம்பண்ணிவிட்டு, அடையாளத்துக்கு ஒரு கல்லை நாட்டினான். தாவீதோ சவுல், யோனத்தான் எலும்புகளைத் தேடி எடுத்துவந்து, சொந்தக் கல்லறையிலே அடக்கம்பண்ணுவித்தான். வணக்கம் வேறே, கனம் வேறே. மரித்தவரை நோக்கி ஜெபிக்கிறது தவறு. மறந்துபோகிறதும் தவறுதான்.

ஊருக்குத் திரும்பினதும் முதல் வேலையாக அம்மா கல்லறைக்குப் போனேன். புல்லைச் செதுக்கி, மங்கிப்போன எழுத்துக்குப் புதுசாய்ப் பெயின்ட் அடித்தேன். வீட்டு வேதாகமத்தின் கடைசித் தாளில் தாத்தா பெயரை எழுதினேன். அவருக்கு வேறே கல் ஏது?

பிரியமானவர்களே, இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, போனவர்கள் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று இருக்காதீர்கள். பாட்டியிடம் நான் கேட்காமல் விட்டது ஏராளம்!