குமிழி நத்தை

நீரின்மீது தோன்றும் குமிழியைக் கண்டிருப்பீர்கள். அதுபோல மெலிந்து உருண்ட ஓட்டினைத் தாங்கித் திரியும் கடல் நத்தைகள் உள. அவற்றைக் குமிழி நத்தைகள் எனலாம். சிலவற்றில் அவ்வோடு தசையினுள்ளே மறைந்து கிடக்கும்.

ஓடு ஒன்றையே நோக்கி இவற்றின் இனத்தைத் துணிதல் அரிது. ஆதலின், அறிஞர் உறுப்புகளை ஆராய்வர். முதலாவது, தலைக்கேடயம். தலைமேல் அகன்று கிடக்கும் இத்தசைத் தகட்டினால் நத்தை மணலை உழுது செல்லும். இரண்டாவது, அரம் போன்ற நாக்கு. அதன்மீது நுண்பற்கள் வரிசையாக அமைந்திருக்கும். மூன்றாவது, இரையை அரைக்கும் அரைவைப்பை. பலவற்றில் அதனுள் மூன்று தகடுகள் உள. பாசியுண்ணும் ஹாமினோயா இனத்தில் அவை நகம் போன்ற பொருளாலானவை. இரையை ஓட்டோடு விழுங்கும் ஸ்காபாண்டர் இனத்திலோ சுண்ணாம்பாலான திண்ணிய தகடுகள்.

இத்தகடுகளால் நேர்ந்த பிழையொன்று கேட்கத்தக்கது. சிசிலித் தீவின் கட்டானியா நகரத்தவரான ஜோயெனி என்பார், 1783ஆம் ஆண்டில், முத்தகடு கொண்ட பொருளொன்றைப் புதிய சிப்பியினம் என எழுதி வெளியிட்டார். அது நகரும் முறையையும் வருணித்தார். அதனை நம்பியோர் அவ்வினத்திற்கு அவர் பெயரையே சூட்டினர். 1800ஆம் ஆண்டளவில் டிராப்பர்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் உண்மையை வெளிப்படுத்தினார். அது தனியுயிர் அன்று, ஸ்காபாண்டரின் அரைவைப்பையே!

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், 1999ஆம் ஆண்டில், ஜப்பானைத் தாயகமாகவுடைய ஹாமினோயா காணப்பட்டது. ஓட்டளவில் அது அக்கரைக்குரிய ஹாமினோயாவையே ஒத்திருந்தது. ஆயினும், புதியதன் தலைக்கேடயம் பின்புறம் ஆழப் பிளந்து இரு மடல்களாக நீண்டிருக்கும். மற்றதில் அப்பிளவு ஆழமற்றது. 2005ஆம் ஆண்டில் அவ்விரிகுடாவின் அலமீடாக் கரையில் நீராடியோர் மேனியில் அரிப்பும் தடிப்பும் தோன்றின. பறவைகளைப் பற்றும் ஒட்டுண்ணிப் புழுவின் இளம்பருவம், ஜப்பானிய நத்தையினின்று வெளிப்பட்டு, மக்கள் தோலைத் துளைத்தமையே காரணம் என ஆராய்ந்தோர் கண்டனர். எந்நத்தை எனத் தெளிந்தாலன்றி நோயின் ஊற்றும் தெளியாதன்றோ?

வெளுத்ததெல்லாம் பாலாகாது. ஓடு கண்டு மயங்காமலும், ஓர் உறுப்பையே முழுவுயிர் எனக் கொள்ளாமலும், அகமும் புறமும் ஒருங்கே ஆராய்ந்து துணிதலே அறிவுடைமையாகும்.