கம்யூனிட்டி காலேஜில் பிசினஸ் படிப்பா? கடனையும் சம்பளத்தையும் எடைபோட்டுப் பாருங்கள்

அமெரிக்காவில் நான்கு வருடப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் கம்யூனிட்டி காலேஜ் மலிவுதான். கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருட அசோசியேட் பட்டத்துக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். இவ்வளவு குறைந்த கட்டணத்திலும் மாணவர்கள் கடனாளி ஆகிறார்கள். வாடகை, பெட்ரோல், புத்தகம், படிப்புக்காகக் குறைத்துக்கொண்ட வேலை நேரம் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கடன். ஃப்ரீமான்ட்டிலும் எடிசனிலும் டாலஸ் பக்கத்திலும் வாழும் நம் குடும்பங்கள் பல இந்தக் கணக்கைப் போடாமலேயே பிள்ளையைச் சேர்த்துவிடுகின்றன. அவர்களுக்காகத்தான் இது.

செய்ய வேண்டியவை

• கல்லூரியின் பெயரை விட்டுவிட்டுப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் பல படிப்புகளுக்கும், முடித்தவர்களின் சம்பளம், கடன் இரண்டின் இடைநிலை அளவும் கிடைக்கும். பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ் என்று பொருள். ‘பிசினஸ்’ என்று பொதுவாகச் சொல்வதற்குள் கணக்குப்பதிவு, நிர்வாகம், அலுவலக உதவி எனப் பல படிப்புகள் உண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள். அந்தச் சம்பள எண்ணில் அரசு உதவி பெற்ற மாணவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். கடன் எண்ணோ, கடன் வாங்கிப் படிப்பையும் முடித்தவர்களுடையது. தனியார் வங்கிக் கடன் அதில் சேராது.

• முழுச் சம்பளத்தையும் தராசில் வைக்காதீர்கள், பட்டத்தால் கூடுதலாக வருவதை மட்டும் வையுங்கள். 2023-இல் பள்ளிப் படிப்போடு நின்றவரின் வாரச் சம்பள இடைநிலை 899 டாலர், அசோசியேட் பட்டம் பெற்றவருக்கு 1,058 டாலர் என்கிறது தொழிலாளர் புள்ளிவிவரத் துறை. வித்தியாசம் வாரத்துக்கு 159 டாலர், வரிக்கு முன் வருடத்துக்கு எட்டாயிரம் டாலருக்குச் சற்று மேல். அதுவும் 25 வயதும் அதற்கு மேலும் ஆன முழுநேர ஊழியர்களை எல்லாத் துறைகளிலிருந்தும் சேர்த்த எண். நர்ஸிங் படித்தவரும் அதில் இருக்கிறார். பொதுவான பிசினஸ் பட்டத்தோடு வரும் இருபது வயதுக்காரருக்கு முதல் வருடமே இந்த வித்தியாசம் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

• கடனை மாதத் தவணையாக மாற்றிப் பாருங்கள். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வரம்பு முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500 டாலர். மொத்தம் 12,000. ஆறரை சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 136 டாலர். தொழிற்கல்விப் படிப்புகளுக்காக அரசு 2023-இல் கொண்டுவந்த விதி, கடன் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதை ஓர் அளவுகோலாக வைத்தது. அதன்படி வருடம் 20,500 டாலர் சம்பாதித்தாலே இந்தத் தவணை தேறிவிடும். ஆனால் அந்தச் சம்பளத்தில் வாடகை கட்டி வாழ முடியாது. ஆகவே இந்த விதியில் தேறியதை வைத்து மட்டும் நல்ல படிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

• பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதை முதல் செமஸ்டரிலேயே முடிவுசெய்யுங்கள். பிசினஸ் படிப்பில் பெரிய சம்பள உயர்வு பெரும்பாலும் இளங்கலைப் பட்டத்தோடுதான் வருகிறது. மேலே சொன்ன அதே கணக்கில் இளங்கலைப் பட்டதாரிக்கு வாரம் 1,493 டாலர். ஆனால் கம்யூனிட்டி காலேஜில் சேரும்போது பத்தில் எட்டுப் பேர் இளங்கலை வேண்டும் என்கிறார்கள். உண்மையில் மாறிப்போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். ஆறு வருடத்தில் இளங்கலை முடிப்பவர்கள் சுமார் 16 சதவீதம். இதற்கு ஒரு காரணம், எடுத்த பாடங்கள் செல்லாமல் போவது. ‘அப்ளைடு சயின்ஸ்’ என்று பெயர் உள்ள அசோசியேட் பட்டம் வேலைக்கானது, அதன் யூனிட்டுகளைப் பல பல்கலைக்கழகங்கள் முழுமையாக ஏற்பதில்லை. கலிபோர்னியாவில் ‘டிரான்ஸ்ஃபர்’ வகைப் பட்டம் பெற்றால் கால் ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி, ஆனால் கேட்ட வளாகமே கிடைக்கும் என்று உறுதியில்லை. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை ‘அசிஸ்ட்’ தளத்தில் பார்த்து, அச்செடுத்து, கவுன்சலரிடம் காட்டுங்கள்.

• கடன் வேண்டாதவரும் மத்திய அரசு உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்புங்கள். திருப்பித் தரவேண்டாத பெல் கிராண்ட் 2025-26-இல் அதிகபட்சம் 7,395 டாலர். முழுத் தொகையும் கிடைத்தால், கலிபோர்னியாவில் கட்டணத்தைக் கட்டிய பிறகும் கையில் மீதி இருக்கும்.

செய்யக்கூடாதவை

• படிப்பை முடிப்போம் என்ற கணக்கை மட்டும் போடாதீர்கள். எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இதுதான். தவணை கட்டத் தவறுபவர்களில் பெரிய கடன்காரர்களைவிடச் சிறிய கடன்காரர்களே அதிகம். காரணம், அவர்களில் பலர் பாதியில் நின்றவர்கள். கடன் இருக்கிறது, பட்டம் இல்லை, சம்பளமும் உயரவில்லை. பிள்ளை ஒரு வருடத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டாவது கணக்கையும் எழுதி வையுங்கள்.

• கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தில் இருக்கும் எல்லாத் தொகையையும் ‘உதவி’ என்று நினைக்காதீர்கள். கிராண்டும் கடனும் ஒரே பட்டியலில்தான் வரும். கடனைக் குறைத்து வாங்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

• செமஸ்டர் நடுவில் சொல்லாமல் விலகாதீர்கள். 60 சதவீத நாட்கள் கடக்கும் முன் விலகினால் பெற்ற அரசு உதவியில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டிவரும்.

• ‘கேரியர் காலேஜ்’ என்று விளம்பரம் செய்யும் லாப நோக்கு நிறுவனத்தைக் கம்யூனிட்டி காலேஜ் என்று எண்ணிச் சேராதீர்கள். 2015-இல் மூடப்பட்ட கொரிந்தியன் காலேஜஸ் மாணவர்களின் 580 கோடி டாலர் கடனை 2022-இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது.

• தனியார் கல்விக் கடனுக்கு அவசரப்பட்டு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். திவால் மனு கொடுத்தாலும் கல்விக் கடன் எளிதில் நீங்காது, ஜாமீன்தாரரையும் விடாது. எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசு உதவி இல்லை. அதனாலேயே அவர்களிடம் தனியார் கடனைக் காட்டி ஆசைகாட்டுவார்கள். அப்போது எச்-4 விசாவில் இருப்பவர் கையில் உள்ள பணத்துக்கு எத்தனை யூனிட் வருமோ அத்தனையை மட்டும் எடுத்துப் படிக்கலாம்.

சேரும் முன் பிசினஸ் துறை அலுவலகத்துக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? நேரான பதில் வரும்வரை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.