படத்திலிருந்து ஒலியைப் பிரித்தெடுத்தல்



தலைநகரில் பயிலும் நம் தமிழ் மாணவர்களுள், வகுப்புரையைக் கைப்பேசியில் படம் பிடிக்காதவர் இன்று மிகச் சிலரே. பிடித்த படத்திலிருந்து ஒலியை மட்டும் பழுதின்றிப் பிரிக்கும் முறையை அறிந்தவரும் மிகச் சிலரே. “இதென்ன பெரிய வித்தையா?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் நண்பர் ஒருவருக்கு நான் இழைத்த தவறே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அவர் விடுதியில் எனக்கு அடுத்த அறையில் இருப்பவர். பொருளாதாரத்தில் முதுகலை பயில்பவர். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். நாம் கண்ணால் படிப்பதை அவர் காதால் படிக்கிறார். பேச்சை ஒன்றரை மடங்கு விரைவாக ஓடவிட்டு, ஒரு சொல்லும் தப்பாமல் கேட்பார். ஆசிரியரின் இசைவு பெற்று வகுப்புரைகளைப் படம் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. கரும்பலகையைப் பார்க்க எங்களுக்குப் படம் வேண்டும். அவருக்கோ குரல் மட்டும் போதும். அவருடைய கைப்பேசியில் இடமும் குறைவு.

எட்டு வகுப்புரைகளையும் நான் ஒலியாக மாற்றிக் கொடுத்தேன். ஒரு மணி நேரப் படம் ஏழரை ஜிகாபைட். நான் கொடுத்த ஒலியோ ஏழு மெகாபைட். ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டேன் என்று பெருமையும் அடைந்தேன்.

உட்தேர்வு நடந்தது. துணையாக எழுதுபவரிடம் விடைகளைச் சொல்லி எழுதுவித்த நண்பர், இரண்டு வினாக்களில் மதிப்பெண் இழந்தார். பொருளாதார வளர்ச்சியைப் பற்றி ராபர்ட் சோலோ 1956இல் வெளியிட்ட கோட்பாடு அது. அதில் ‘எஸ்’ என்பது சேமிப்பு விகிதம். ‘எஃப்’ என்பது உற்பத்திச் சார்பு. நண்பர் ஓரிடத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்லியிருந்தார். அன்று மாலை என்னிடம் வந்து, “நீ கொடுத்த பாடத்தில் எஸ்ஸும் எஃப்பும் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவே, ஐயா! எது எது என்று நான் எப்படி அறிவேன்?” என்று அமைதியாகக் கேட்டார். நானும் கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

அந்த வேறுபாடு எங்கே போயிற்று? வகுப்பில் இருந்தது, படத்திலும் இருந்தது, நான் மாற்றிய ஒலியில் மட்டும் இல்லை. அதை அழித்தவன் நானே. எப்படி அழித்தேன் என்பதை அறிந்தால் நீங்கள் அத்தவற்றைச் செய்யமாட்டீர்கள்.

முதலில் வீடியோக் கோப்பு என்பது யாது என்று காண்போம். அது ஒரே பொருள் அன்று. மல்லிகையும் மருக்கொழுந்தும் மாறி மாறித் தொடுத்த கதம்பம் போன்றது. படத்துணுக்கு ஒன்று, ஒலித்துணுக்கு ஒன்று என அடுத்தடுத்துத் தொடுத்து, எந்தப் படத்தோடு எந்த ஒலி சேர வேண்டும் என்ற காலக்குறிப்பையும் உடன் வைத்திருக்கிறார்கள். எம்.பி.4, எம்.கே.வி., வெப்எம் என்பவை தொடுக்கும் நாரின் பெயர்கள். பூவின் பெயர்கள் அல்ல. எம்.பி.4 கோப்புக்குள் இருக்கும் ஒலி பெரும்பாலும் ஏ.ஏ.சி. என்னும் முறையில் சுருக்கப்பட்டிருக்கும். வெப்எம் கோப்பில் ஓபஸ் அல்லது வோர்பிஸ் என்னும் முறை இருக்கும்.

ஆகவே ஒலியைப் பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கதம்பத்திலிருந்து மல்லிகையை மட்டும் வாடாமல் எடுத்து வேறொரு நாரில் தொடுப்பது. இதனைப் படியெடுத்தல் எனலாம். மற்றொன்று, மல்லிகையைக் கசக்கிச் சாறு எடுப்பது. அதாவது, சுருக்கியிருந்த ஒலியை விரித்து மீண்டும் வேறு முறையில் சுருக்குவது. இதனை மறுசுருக்கம் எனலாம். ஏ.ஏ.சி., எம்.பி.3, ஓபஸ் ஆகிய மூன்றும், காதுக்கு அவ்வளவாகப் புலப்படாது என்று கருதும் பகுதிகளை நீக்கியே அளவைக் குறைக்கின்றன. ஒருமுறை நீக்கியதன் மேல் மறுமுறையும் நீக்கினால் மேலும் இழப்பே உண்டாகும். வரவு ஒருபோதும் உண்டாகாது.

நான் செய்தது மறுசுருக்கம். அதையும் மிகக் கடுமையாகச் செய்தேன். வினாடிக்கு 16 கிலோபிட், வினாடிக்கு 8,000 மாதிரிகள் என்று அமைத்தேன். வினாடிக்கு எத்தனை மாதிரிகள் எடுக்கிறோமோ, அதில் பாதி அளவுக்கு உட்பட்ட அதிர்வெண்களையே ஒலிப்பதிவு தாங்கும். 8,000 மாதிரி என்றால் 4,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேற்பட்ட ஒலி முழுதும் நீங்கிவிடும். உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கும். ஆனால் ‘ஸ்’ என்னும் சீறல் ஒலியின் வலிமை 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் மிகுதி. அப்பகுதியை வெட்டிவிட்டால் ‘எஸ்’ என்பதில் ‘எ’ மட்டும் தெளிவாக நிற்கும். பின்வருவது ஸகரமா ஃபகரமா என்று பிரித்தறிய முடியாது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தியது. அதனால்தான் தொலைபேசியில் பெயரின் எழுத்துகளைச் சொல்பவர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஊரின் பெயரைச் சேர்த்துச் சொன்னார்கள்.

இனி, செய்முறைக்கு வருவோம்.

வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளை நீங்கள் அறிவீர்கள். நம்மைப் போன்ற மாணவர்கள், எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரியில் 1996இல் தொடங்கிய முயற்சியே அது. கணினியில் அதைத் திறந்து, படத்தை ஓடவிட்டு, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைப் பாருங்கள். ஒலி எம்முறையில் உள்ளது என்பது அங்கே தெரியும். ஒரே படத்தில் இரண்டு மூன்று மொழி ஒலித்தடங்கள் இருந்தால் அதுவும் தெரியும்.

பின்னர் ‘மீடியா’ பட்டியலில் ‘கன்வெர்ட், சேவ்’ என்பதை அழுத்திக் கோப்பைச் சேர்க்கவும். அடுத்த பலகையில் ‘புரொஃபைல்’ என்னும் இடத்தருகே திருகுசாவி போன்ற சிறு படம் இருக்கும். அதனுள் சென்று மூன்று செயல்கள் செய்யவேண்டும். உறை வகையாக எம்.பி.4 என்பதைத் தேர்க. வீடியோப் பகுதியில் உள்ள குறியை நீக்குக. ஆடியோப் பகுதியில் குறியிட்டு, ‘கீப் ஒரிஜினல் ஆடியோ டிராக்’ என்பதற்கும் குறியிடுக. இந்த மூன்றாவது குறிதான் உயிர்நாடி. மூல ஒலியை மாற்றாமல் அப்படியே வை என்பது அதன் பொருள். நான் அதைப் பார்த்தும் பாராமல் கடந்தவன்.

கட்டளை எழுதிப் பழகியவர்களுக்கு இன்னும் எளிய கருவி ஒன்று உண்டு. ஃபாப்ரீஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்பதே அது. அதன் பெயரை எழுதி, ‘ஹைபன் ஐ’ என்று தொடங்கி மூலக்கோப்பின் பெயர். பிறகு ‘ஹைபன் வி என்’. பிறகு ‘ஹைபன் சி, முக்காற்புள்ளி, ஏ’. ஓர் இடம் விட்டுக் ‘காப்பி’ என்னும் சொல். இறுதியில் புதுக்கோப்பின் பெயர். எழுத்துகள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துகள். ‘வி என்’ என்பது படம் வேண்டாம் என்னும் குறிப்பு. ‘காப்பி’ என்பது ஒலியைப் படியெடு என்னும் ஆணை. ‘ஹைபன் சி’ முதல் ‘காப்பி’ வரை உள்ள பகுதியை முழுதும் விட்டுவிட்டால் கருவி தானாகவே மறுசுருக்கம் செய்துவிடும். படியெடுத்தலில் கணக்கீடு ஏதுமில்லை. ஆதலால் ஒரு மணி நேர ஒலியும் சில நொடிகளில் பிரிந்து வந்துவிடும்.

புதுக்கோப்பின் பெயரிலும் கவனம் வேண்டும். ஏ.ஏ.சி. ஒலியானால் ‘எம்4ஏ’ என்றும், ஓபஸ் ஒலியானால் ‘ஓபஸ்’ என்றும் பெயர் முடியட்டும். சிலர் பெயரின் இறுதியில் எம்.பி.3 என்று எழுதிவிட்டு, கோப்பு மாறிவிட்டது என்று நம்புகிறார்கள். பெயரை மாற்றினால் பொருள் மாறாது.

“அளவு பெரிதாகிவிடுமே” என்று அஞ்ச வேண்டாம். எங்கள் படத்தில் காட்சிக்கு வினாடிக்கு 17 மெகாபிட். ஒலிக்கு 128 கிலோபிட். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த இடமே ஒலிக்குரியது. ஒரு மணி நேர ஒலியை அப்படியே எடுத்தால் சுமார் 58 மெகாபைட். ஏழு மெகாபைட்டுக்கு ஆசைப்பட்டு நான் ஓர் எழுத்தையே இழந்தேன்.

மறுசுருக்கம் தவிர்க்க முடியாத வேளையும் உண்டு. எம்.பி.3 மட்டுமே இசைக்கும் பழைய கருவி நண்பரிடம் இருக்கலாம். அப்போது ஒருதட ஒலியாக, வினாடிக்கு 64 கிலோபிட்டுக்குக் குறையாமல், 44,100 மாதிரிகளுடன் அமையுங்கள். பேச்சுக்கு அது போதும். மாற்றியதைக் கேட்டுப் பார்க்கும் முன் மூலத்தை அழிக்காதீர்கள். சிறியதைப் பின்னர் 320 கிலோபிட்டாகப் பெருக்கினாலும், வெட்டுண்ட ஒலி மீண்டு வராது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க வடிவில், இலாப நோக்கின்றி, ஒரு படைப்பை ஆக்கித்தர அது இடமளிக்கிறது. ஆயினும் ஆசிரியரைக் கேட்டுச் செய்வதே பண்பு.

எட்டு வகுப்புரைகளுள் ஆறின் படங்கள் என்னிடம் இருந்தன. அன்றிரவே அவற்றின் ஒலியைப் படியெடுத்துக் கொடுத்தேன். மற்ற இரண்டின் படங்களை, இடம் வேண்டி, முன்னரே அழித்துவிட்டேன். அவற்றுக்கு வேறு வழியில்லை. என் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நண்பர் அறைக்குச் சென்று, இரண்டு மாலைகள் உரக்கப் படித்தேன். அவர் அதைப் பதிவு செய்துகொண்டார்.

இரண்டாம் நாள் முடிவில், “எஸ் சரியாகக் கேட்கிறதா?” என்று வினவினேன். அவர் பதிவை ஒன்றரை மடங்கு விரைவில் ஓடவிட்டுச் சிறிது நேரம் கேட்டார். “எஸ் கேட்கிறது. ஆனால் உன் குறிப்பில்தான் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது” என்றார். என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன், விட்டுத்தான் போயிருந்தது. இறுதித் தேர்வுக்கு முன் அதைத் திருத்திக்கொண்டவன் நான்.