கண்ணி வெட்ட இடமிருந்தால் செயின் முடிந்தது

“ரெண்டு கண்ணிய எடுத்துவிட்டா கும்முனு நிக்கும் சார், எதுக்கு வீணா செட்டு மாத்திக்கிட்டு?” இப்படி ஒரு மெக்கானிக் உங்களிடம் சொன்னால், சரிங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். காசை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் சொல்லப்படும் யோசனைகளில் இதைவிட மோசமானதை நான் பார்த்ததில்லை. எனக்கு இது புரிவதற்குப் பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. உங்களுக்குச் சும்மாவே சொல்கிறேன்.

நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வீடு தேனியில். ஒரு பக்கம் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், குமுளி. மறுபக்கம் ஆண்டிபட்டி கணவாய் தாண்டி உசிலம்பட்டி வரை. 150 சிசி வண்டி. செயினுக்கு மேலே பாதி மூடிதான், கீழே திறந்துதான் கிடக்கும். ரோட்டு மண்ணும் ஆடிச் சாரலும் நேராக அதில்தான் விழும். உங்கள் வண்டியும் இப்படித்தான் இருக்கும், உங்கள் ரோடும் இதைவிட ஒன்றும் ஒழுங்காக இருக்காது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் ரப்பர் மாதிரி எதுவும் இழுபடுவதில்லை, தகடுகள் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அது சுழலும் ஒரு புஷ். மண் கலந்த எண்ணெய் உள்ளே போய் இரண்டையும் அரைக்கிறது. ஒரு கண்ணியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் என் வண்டிச் செயினில் 120 கண்ணி. அத்தனையும் சேர்ந்தால் அங்குலக் கணக்குக்கு வந்துவிடும். அதைத்தான் ‘செயின் லூஸ்’ என்று சொல்லிப் பின் வீலைப் பின்னால் இழுத்து டைட் வைக்கிறோம்.

இனி வருவதைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். 100, 125, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் வருவது 428 செயின். முதல் எண்ணான 4, கண்ணிக்குக் கண்ணி 4/8 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது. 120 கண்ணிக்கு 1524 மி.மீ. உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் ஒன்றை மட்டும் எடுக்க முடியாது; எடுத்தால் இரண்டு, அதாவது 25.4 மி.மீ. அப்படி இரண்டு கண்ணி எடுத்த பிறகும் செயின் வீலில் ஏற வேண்டுமானால், செயின் ஏற்கெனவே அந்த 25.4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்து நீண்டிருக்க வேண்டும். நூற்றுக்கு 1.6-க்கு மேல். பல் தேய்மானம், புதுச் செயின் போட்டபோது அட்ஜஸ்டர் நின்ற இடம் இவற்றால் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு சதவீதம் நீண்டால் செயினைத் தூக்கிப் போட வேண்டும் என்பதுதான் பொதுவான வரம்பு. ஆக, கண்ணி வெட்ட இடம் கிடைக்கிறது என்றாலே அந்தச் செயினின் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக் வெட்டிக் கொடுப்பது ஆயுள் முடிந்த செயினை.

இதிலுள்ள இன்னொரு வில்லங்கத்தை யாரும் சொல்வதில்லை. பின் வீல் பக்கத்தில், அட்ஜஸ்டருக்கு நேராகக் கோடுகள் போட்டிருப்பார்கள். செயின் தேயத் தேய ஆக்ஸில் கோடு கோடாகப் பின்னால் நகரும். வண்டி ஓட்டுகிறவனுக்குப் பார்த்தவுடன் செயினின் வயதைச் சொல்லும் அடையாளம் அதுதான். இரண்டு கண்ணி எடுத்தால் ஆக்ஸில் அரை அங்குலம் முன்னால் வந்துவிடும். குனிந்து பார்த்தால் புதுச் செயின் போட்ட வண்டி மாதிரியே இருக்கும். பள்ளிச் சான்றிதழில் பிறந்த வருஷத்தைத் திருத்திய கதைதான். என் வண்டியில் மெக்கானிக் அப்படி இரண்டு கண்ணி எடுத்த பிறகு கோட்டைப் பார்த்துப் பார்த்து நான் நிம்மதியாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதே மறுத்திருக்கலாமே என்பீர்கள். மாதக் கடைசி, டார்கெட் பாதிகூட முடியவில்லை. செயின் செட் அன்று கடையில் இல்லை, மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார். வருஷக்கணக்கில் பழகிய மெக்கானிக். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை நோயாளி கணக்குப் போட்டுப் பார்த்தா வாங்குகிறார்? தொழில் தெரிந்தவர் சொன்னதைக் கேட்டேன், அவ்வளவுதான்.

கம்பத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுக் குமுளிக்குப் போகும்போது, லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுகிற இடத்தில், பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் இறக்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும் வளைவுக்குப் பக்கத்தில், இரண்டாவது கியரில் ‘டடார்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் தனியாக அலறுகிறது, வண்டி நகரவில்லை. காலுக்கடியில் எண்ணெய் ஒழுகுகிறது. மாம்பழமோ காய்கறியோ இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு குட்டியானை கிடைத்தது, என் அதிர்ஷ்டம். வண்டியை அதில் ஏற்றிக் கம்பத்தில் வேறொரு கடையில் இறக்கினேன். இன்ஜினின் இடப்பக்கத்தில் முன் ஸ்பிராக்கெட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றினார்கள். அறுந்த செயின் அந்தச் சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சுருண்டு, போக இடமில்லாமல் கிரேங்க் கேஸை உடைத்திருந்தது. பெருவிரல் அளவு அலுமினியத் துண்டு ஒன்று கிரீஸும் மண்ணும் கலந்த கறுப்புச் சேற்றில் கிடந்தது. ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாம் கூர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அந்தச் சேறு இருந்த இருப்பைப் பார்த்தால், எந்தச் சர்வீஸிலும் அந்தக் கவரை யாரும் திறந்ததே இல்லை. அறுந்தது எங்கே? கண்ணி வெட்டிச் சேர்த்த இடத்தில். பழைய டப்பாவிலிருந்து பொறுக்கிப் போட்ட லாக் அது.

கேஸ் மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும். கேஸ், பேக்கிங், ஆயில், லேபர், வண்டி ஏற்றிய வாடகை எல்லாம் சேர்த்துத்தான் மேலே சொன்ன தொகை. அன்றைக்கு என் வண்டிக்குச் செயின் செட் ஆயிரத்தைந்நூறுக்குள் கிடைத்தது. தேனிக்கு வந்து பழைய மெக்கானிக்கிடம் காட்டியபோது அவர் சொன்ன பதில்: “மலையில நீங்க முறுக்கியிருப்பீங்க சார்.” மலை ஏறும்போது முறுக்காமல் என்ன செய்வது, இறங்கித் தள்ளுவதா?

இப்போது நான் செய்வது இதுதான். செயினின் கீழ் ஓட்டத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபது கண்ணி தள்ளி, இருபத்தோராவது பின்னின் நடுவரை டேப்பை வைக்கிறேன். 428 புதுச் செயினில் இது 254 மி.மீ., கச்சிதமாகப் பத்து அங்குலம். வீலைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் அளந்து அதிகமாக வருவதை எடுத்துக்கொள்கிறேன். 258 வந்தால் செட் வாங்கி வைத்துவிடுவேன். 259-ஐத் தொட்டால் அந்த வண்டியில் மலை ஏறமாட்டேன். பெரிய வண்டிக்காரர்களின் 520 செயினில் கண்ணிக்கு 5/8 அங்குலம் என்பதால் இருபது கண்ணிக்கு 317.5 மி.மீ.; சதவீதம் அதேதான். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு வரம்பு கொடுத்திருந்தால் அதையே பாருங்கள்.

டேப் இல்லையா? பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். செயின் பல்லைவிட்டுத் தூக்கி, பாதிப் பல் தெரிந்தால் கதை முடிந்தது. வீலைச் சுற்றும்போது ஓரிடத்தில் இரண்டு செ.மீ. தொய்வும் இன்னோரிடத்தில் நான்கும் வந்தாலும் அப்படியே. அந்த நிலையில் தொய்ந்த இடத்தைப் பார்த்து டைட் வைத்தால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கியர் ஷாஃப்ட் பேரிங் அடி வாங்கும். சத்தம் வரட்டும், பார்க்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். எனக்கு அன்று வரை ஒரு சத்தமும் வந்ததில்லை.

முன் ஸ்பிராக்கெட் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். கடையில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. என் வண்டியில் முன்னே 15 பல், பின்னே 44. பின்சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் முன்னே ஏறக்குறைய மூன்று சுற்று வந்துவிடுகிறது. தேய்வது முதலில் முன்பல்தான், ஆனால் எல்லோரும் பார்ப்பது கண்ணுக்குத் தெரிகிற பின்பல்லை.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது என்று கேட்காதீர்கள். என் மச்சான் ஒருவர், ஒரே செயினில் நாற்பதாயிரம் ஓட்டினேன் என்று கல்யாண வீடு கல்யாண வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். முழு மூடி போட்ட 100 சிசி வண்டியில் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் போனால் எந்தச் செயினும்தான் ஓடும். அவர் ஒருநாள் வருசநாட்டுக்கு மழையில் போய்வரட்டும், பிறகு பேசலாம்.

மாற்றினால் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். சாய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அந்தப் பல் புதுசையும் சீக்கிரம் பழசாக்கிவிடும். ரோலான் கோயம்புத்தூர்க் கம்பெனியுடையது, டைமண்ட் சென்னைக் கம்பெனியுடையது. இரண்டும் நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். பெட்டி இல்லாமல் உதிரியாக எடுத்து நீட்டும் செயினை வாங்காதீர்கள். போட்ட பிறகு லாக் கிளிப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் வைத்துப் பார்த்தால் அது வண்டியின் முன்பக்கம். திருப்பிப் போட்டால் வழியில் ஏதாவது தட்டிக் கழன்றுவிடும்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். மண்ணெண்ணெயில் துடைத்து, 90 கியர் ஆயில் விடுங்கள். இன்ஜினிலிருந்து இறக்கிய வேஸ்ட் ஆயில் வேண்டாம், அதில் அழுக்குதான் இருக்கிறது. ஓ-ரிங் செயின் என்றால் பெட்ரோல் படக்கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கழற்றிய பழைய செயினையும் லாக்கையும் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள், இரும்புக் கடையில் போட்டாலும் சரி. அங்கேயே விட்டுவிட்டு வந்தால் அந்த லாக் டப்பாவுக்குள் போகும், அங்கிருந்து இன்னொருவர் வண்டிக்குப் போகும்.