பழைய லேப்டாப் அடாப்டரில் ஓர் ஆம்ப்ளிஃபயர்

கடை அடைத்தபின் வீட்டில் நல்ல பாட்டுக் கேட்க விரும்பும் வணிகர்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் பெரும் முதல் போட வேண்டியதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ 3116 டி2 சிப் பொருத்திய சிறு போர்டு ஒன்றே போதும்.

இதை ‘டிஜிட்டல்’ என்பது பேச்சு வழக்கு. சரியான பெயர் ‘கிளாஸ் டி’. பழைய வகையில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாய்போல் நின்று மின்சாரத்தை வெப்பமாக்கி வீணடிக்கும். இதிலோ விநாடிக்குச் சுமார் 4 லட்சம் முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் ஒலிக்கேற்பக் கூடிக் குறையும். காயிலும் கண்டென்சரும் அந்தத் துடிப்பை வடிகட்டி இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். ஆகவே திறன் 90 சதவீதம் வரை. சிறிய ஹீட்சிங்க் போதும்.

சிப் 4.5 முதல் 26 வோல்ட் வரை ஏற்கும். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 20 வாட் வரும்; கூடத்துக்குத் தாராளம். அட்டையில் அச்சிட்ட ‘100 வாட்’ கணக்கு, எடை போடாத மூட்டை!

முக்கியமாக, இரு ஸ்பீக்கர்களின் மைனஸ் கம்பிகளைப் பழைய செட்டுபோல ஒன்றாக முறுக்கக் கூடாது. உலோகப் பெட்டியிலும் படக் கூடாது. இதில் மைனஸ் முனையிலும் மின்னழுத்தம் உண்டு. அடாப்டரின் பிளஸ், மைனஸை மீட்டரில் பார்த்த பிறகே இணைக்கவும். மாறினால் சிப் அக்கணமே போய்விடும்.